ஈறுக்குள் கரையும் பொதுச்சொத்து

கடந்த மார்கழியில் ஒரு நாள் இரவு எனக்குக் கீழ்த்தாடையின் வலப்புறம் ஈறு வீங்கிக்கொண்டது. மறுநாள் காலை கன்னத்தைப் பிடித்தபடி தெருமுனை மருந்துக் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தம் மகனுக்கு வயிற்றுப்போக்கு என்றார். நான் பல்வலி என்றேன். கடைக்காரர் இருவருக்கும் ஒரே அட்டையிலிருந்து ஆளுக்கு ஆறு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தார். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மருந்து அது. மருத்துவர் சீட்டை அவர் கேட்கவில்லை. ரசீதை நாங்கள் கேட்கவில்லை. என் பங்குக்கு 66 ரூபாய். அட்டையின் ஓரத்தில், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பதன் அடையாளமான சிவப்புக் கோடு இருந்தது. கத்தரிக்கோல் அந்தக் கோட்டின் குறுக்காகவே சென்றது.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த இரண்டு, படித்தவர் வீடுகளில் வழக்கமாக நடப்பதுபோல், மேசை இழுப்பறைக்குள் போயின. பங்குனியில் வீக்கம் திரும்ப வந்தது. இம்முறை பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் மெல்லிய கம்பி ஒன்றால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தை அளந்துவிட்டு, "ஆறு மில்லிமீட்டர் இருக்கிறது. இதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் சார், மாத்திரை இதற்குள் வேலை செய்யாது" என்றார். இரண்டு அமர்வுகளில் பற்களின் வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்தார். கட்டணம் 2,400 ரூபாய்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். பலன் தராத சிகிச்சை 66 ரூபாய்க்கும், பலன் தரும் சிகிச்சை 2,400 ரூபாய்க்கும் கிடைக்கும் ஒரு சந்தையில் மக்கள் எதை வாங்குவார்கள் என்பதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. அந்தப் பட்டம் பெற்றவனே முதலில் 66 ரூபாயைத்தான் நீட்டினான்.

ஈறு நோயைச் சிறு தொல்லையாகக் கருதும் வழக்கம் நமக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோயால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளனர். பல்லைத் தாங்கும் எலும்பை அது கரைக்கிறது. நீரிழிவுக்கும் அதற்கும் இருவழித் தொடர்பு உண்டு: சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடி பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. இவ்வளவு பேரின் ஈறுகளுக்கு அந்த மாத்திரை அட்டைதான் சிகிச்சை என்றால் என்ன ஆகும் என்பதே என் கவலை.

மாத்திரை ஏன் உள்ளே வேலை செய்யாது? விடையின் முதல் பகுதி 340 ஆண்டுகளுக்கு முந்தையது. டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், 1683-இல் தம் பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிற அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, நெளிந்து திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். லண்டன் ராயல் கழகத்துக்கு அதை எழுதியும் அனுப்பினார். அவரது மற்றொரு கவனிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வினிகரால் வாயைக் கொப்பளித்தபோது அழுக்கின் வெளிப்பரப்பில் இருந்தவை மட்டுமே மடிந்தன. உள்ளே இருந்தவற்றை வினிகர் எட்டவில்லை.

இன்று இதை உயிரிப்படலம் என்கிறார்கள். ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தனித்தனியே மிதந்து திரிவதில்லை. தாமே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. தனியே மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான மருந்தைப்போல நூறு மடங்கு, சில ஆய்வுகளில் ஆயிரம் மடங்கு வரைகூட, படலத்துக்குள் இருப்பவை தாங்குகின்றன. உள்ளடுக்கில் இருப்பவை மெதுவாகவே வளர்வதும் ஒரு காரணம். பெனிசிலின் வகை மருந்துகள் வளர்ந்து பெருகும் பாக்டீரியாவைத்தான் தாக்கும். இன்னொரு காரணம், பொருளியல் படித்தவனை வியக்க வைப்பது. பிரிவோடெல்லா என்னும் பாக்டீரியா வகையில் பல, பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி சுரந்த உயிரோடு நின்றுவிடுவதில்லை. அதைச் சுரக்க இயலாத அண்டை பாக்டீரியாக்களையும் காக்கிறது. ஒரு வீட்டார் எழுப்பிய மதிலுக்குள் ஊரே பாதுகாப்பாக இருப்பதுபோல. பொதுநன்மையைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதில் பாக்டீரியாக்கள் நம்மைவிடத் தேர்ந்தவை என்று நினைத்துக்கொண்டேன்.

படலத்தைக் கையால் உடைத்து அகற்றினால் நிலைமை மாறுகிறது. எஞ்சியவற்றைப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே பார்த்துக்கொள்கிறது. ஆகவே ஈறு நோய்ச் சிகிச்சையின் அடித்தளம் சுத்தம் செய்தல். மாத்திரை எங்கேனும் உதவுமென்றால், அதற்குத் துணையாகத்தான்.

துணையாக எவ்வளவு உதவும் என்பதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் ஈறு நோய்க்குப் பயனே இல்லை என்று ஆய்வுகள் கூறவில்லை. அமாக்ஸிசிலினையும் மெட்ரோனிடசோலையும் இணைத்து, ஆழ்ந்த சுத்தத்தோடு சேர்த்துத் தந்தால், பள்ளத்தின் ஆழம் கூடுதலாகச் சற்றுக் குறைகிறது. ஆயினும் ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இம்மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. இளவயதிலேயே பரவலாக எலும்பு கரைவது போன்ற சில நிலைகளில் மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. அதற்கு அது காட்டும் காரணங்களில் ஒன்று, பொது சுகாதாரத்துக்கு ஏற்படும் பாதிப்பு. நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் சிறு நன்மையை, அறையில் இல்லாத பலருக்கு ஏற்படும் இழப்போடு எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களில் இத்தகைய கணக்கு வெளிப்படையாக இடம்பெறுவது அரிது.

முகம் வீங்கி, காய்ச்சலோடு தொற்று பரவும்போதும், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாதபோதும் நிலைமை வேறு. அப்போது மருந்து உயிர் காக்கும், தாமதிக்கவே கூடாது. நான் பேசுவது அந்த அவசர நிலையைப் பற்றியன்று.

அந்த இழப்பு கற்பனையானதா? 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாள்பட்ட ஈறு நோயுள்ள 400 பேரின் பள்ளங்களிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. அவர்களில் 55 விழுக்காட்டினரிடம் டாக்சிசைக்ளினுக்கும், 43 விழுக்காட்டினரிடம் அமாக்ஸிசிலினுக்கும், 30 விழுக்காட்டினரிடம் மெட்ரோனிடசோலுக்கும் அடங்காத பாக்டீரியா இருந்தது. சோதித்த நான்கு மருந்துகளில் ஏதேனும் ஒன்றுக்கேனும் அடங்காத பாக்டீரியாவை ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் சுமந்திருந்தனர். ஆய்வகத் தட்டில் தப்பிய பாக்டீரியா வாயிலும் அப்படியே தப்பும் என்று உறுதியாகக் கூற இயலாதுதான். ஆனால் பல் மருத்துவர் ஒருவர் சோதனை ஏதுமின்றி மாத்திரை எழுதும்போது எத்தகைய சூதாட்டம் நடக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது, 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தையும் ஸ்பெயினையும் ஒப்பிட்ட ஆய்வு. நோய் ஒன்றே, பாக்டீரியா வகைகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஸ்பெயின் நோயாளிகளின் ஈறுகளில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் தெளிவாக அதிகமாக இருந்தன. நெதர்லாந்து ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக இம்மருந்துகளைப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று. ஸ்பெயின் அதிகம் பயன்படுத்திய நாடு. சீட்டின்றிக் கடையில் வாங்குவது அக்காலத்தில் அங்கு அரிதன்று. அப்படியானால் ஒரு மருந்தின் ஆற்றல், அதன் வேதியியலில் மட்டும் இல்லை. அந்த ஊரார் அதை எப்படிச் செலவழித்தார்கள் என்பதிலும் இருக்கிறது. அவ்வகையில் அது கண்மாய் நீரைப் போன்றது. ஒருவர் மிகுதியாக இறைத்தால் அடுத்தவர் வயலுக்குக் குறையும்.

மெட்ரோனிடசோலின் வரலாறே இதற்குச் சான்று. அம்மருந்து முதலில் பெண்களின் பிறப்புறுப்பில் ஒட்டுண்ணியால் வரும் தொற்றுக்காக விற்பனைக்கு வந்தது. அதற்காக அதை உட்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எதிர்பாராத வகையில் ஈறு அழுகல் நோயும் குணமாயிற்று. ஷின் என்னும் பல் மருத்துவர் 1962-இல் இதை 'லான்செட்' இதழில் பதிவு செய்தார். காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களை அம்மருந்து கொல்லும் என்பது உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். இன்று வயிற்று அறுவை சிகிச்சையிலும், மூளையில் சீழ் கட்டும்போதும், பிரசவத்துக்குப் பின்னான கருப்பைத் தொற்றிலும் மருத்துவர்கள் நம்பியிருக்கும் மருந்து அது. ஈறு நமக்குக் காட்டிக்கொடுத்த மருந்தை ஈறுக்காகவே வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

விழுங்கிய மாத்திரை பல்லோடு நிற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களும் அதைச் சந்திக்கின்றன, பிழைத்தவை பெருகுகின்றன, எதிர்ப்பு மரபணுக்கள் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்குத் தாவுகின்றன. நான் ஈறுக்காக விழுங்கிய ஆஃப்லாக்சசின், எச்சரிக்கையோடு கையாள வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் தனியே பிரித்து வைத்துள்ள வகையைச் சேர்ந்தது. என் வீட்டில் யாருக்கேனும் நாளை சிறுநீரகத் தொற்று வந்தால், அந்த நான்கு மாத்திரைகளின் கணக்கு அங்கே வந்து நிற்கலாம்.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் தம் நோபல் உரையில் கற்பனையாக ஒரு மனிதரைக் காட்டினார். தொண்டைவலிக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார் அவர். எதிர்ப்புப் பெற்ற கிருமி அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா வந்து, பெனிசிலின் பலிக்காமல் இறந்துபோகிறார். புறவிளைவு என்று நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் வரைபடம் போட்டு விளக்குவதை மருத்துவர் ஒரு குடும்பக் கதையில் சொல்லிவிட்டார். வாங்குபவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர். 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணம் என்று 'லான்செட்' இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. என் 66 ரூபாயில் அந்தச் செலவில் ஒரு காசும் அடங்கவில்லை.

மறுபுறம், பல் மருத்துவரின் 2,400 ரூபாயில் எல்லாச் செலவும் அடங்கியிருக்கிறது: அவரது நேரம், உதவியாளர் ஊதியம், வாடகை, கருவிகள். மாத்திரை ஆலையில் உற்பத்தியாகிறது; ஆண்டுக்கு ஆண்டு மலிவாகலாம். பல்லைச் சுத்தம் செய்வதோ ஒவ்வொரு பல்லாக, ஒவ்வொரு வேராகச் செய்யும் கைவேலை. இத்தகைய பணிகள் ஆலைப் பொருள்களோடு ஒப்பிடுகையில் காலப்போக்கில் விலை ஏறிக்கொண்டே போகும் என்பதைப் பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1960-களில், இசைக் கச்சேரிகளின் செலவை ஆராய்ந்து விளக்கினார். நாகஸ்வரக் கச்சேரியைப் பாதி நேரத்தில் வாசித்து உற்பத்தித் திறனைக் கூட்ட முடியாது. ஈறும் அப்படித்தான். எனவே இடைவெளி இனியும் விரியும். மாத்திரையின் கவர்ச்சியும் கூடும்.

உழைப்பு கிடைக்காத இடத்தை மாத்திரை நிரப்பும் என்பதற்கு இயற்கையே நடத்திய சோதனை ஒன்று உண்டு. 2020 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் கரோனா காரணமாக வழக்கமான பல் மருத்துவப் பணிகள் நிறுத்தப்பட்டன. தொலைபேசியில் ஆலோசனை, வலி மாத்திரை, தேவையெனில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்பதே வழிமுறையாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் மருத்துவர்கள் எழுதிய இம்மருந்துகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தன. மக்களின் ஈறுகள் திடீரென மோசமாகிவிடவில்லை. சுத்தம் செய்யும் கைகள் இல்லை, அவ்வளவே.

இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்கு ஆண்டு முழுவதும் அந்த ஏப்ரல் மாதம்தான். அதனால்தான் நம் சட்டங்கள் ஓரளவுக்கு மேல் பலிக்கவில்லை என்று கருதுகிறேன். இம்மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 'எச்' அட்டவணை நெடுங்காலமாகக் கூறுகிறது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' அட்டவணை 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஈறுக்கு வழக்கமாகத் தரப்படும் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. சிவப்புக் கோடு விழிப்புணர்வு இயக்கம் 2016-இல் வந்தது. அதற்கும் முன்பே, 2012-இல், சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்', ஒரே இரவில் முழுத் தடை என்பது நம் நாட்டில் நடவாது என்று எச்சரித்தது. மருத்துவரே இல்லாத ஊரில் மருந்துக் கடையையும் மூடினால் மக்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அதற்குள் இருந்தது. அதற்கு இன்றுவரை நாம் பதில் தரவில்லை. கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அவரிடம் போகத் தேவையில்லாத நிலையை உருவாக்குவதுதான் செலவு பிடிக்கும் வேலை.

அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பல, மாணவர்களின் பயிற்சிக்காகவே கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பி நோயாளிகளை அழைத்து வருகின்றன. பட்டம் பெற்ற இளைஞர்கள் பலர் தகுதிக்கேற்ற வேலையின்றித் தவிக்கின்றனர். பற்களைச் சுத்தம் செய்வதற்கென்றே பயிற்சி பெறும் பணியாளர்களுக்கு 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமே தனிப் பதிவேடு வகுத்தது. அந்தப் பிரிவை நாம் வளர்க்கவே இல்லை. ஒருபுறம் வேலையற்ற கைகள், மறுபுறம் காரை படிந்த பற்கள். இரண்டையும் இணைக்க வேண்டிய விலை மட்டும் தவறான இடத்தில் நிற்கிறது.

அரசின் காப்பீட்டுத் திட்டங்களும் இதில் உதவவில்லை. 2018-இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைகளுக்கானது. ஈறு சுத்தம் அரை மணி நேர வெளிநோயாளிப் பணி. ஆகவே ஈறு அழுகி, தொற்று கழுத்துக்கு இறங்கி, மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் உண்டு; அதைத் தடுக்கும் அரை மணி நேரத்துக்கு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, முதலில் நீரிழிவு நோயாளிகளுக்கு மட்டுமேனும், ஈறு சுத்தத்தைக் கட்டணமின்றி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அளிக்கலாம். சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் வரும் வரிசை ஏற்கெனவே அங்கே நிற்கிறது. புதிதாகக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. கல்லூரிக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு தொகையை அரசு தரலாம். இதை மானியம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 66 ரூபாய் மாத்திரைக்கு இப்போதும் மானியம் இருக்கிறது. அதைப் பின்னால் வரும் நோயாளிகள் தருகிறார்கள், வரவு செலவு அறிக்கையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புதிய மருந்துகள் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும் சந்தை பொய்யாக்கிவருகிறது. அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்னும் புதிய மருந்துக்கு 2018-இல் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே திவாலானது. நல்ல புதிய மருந்தை மருத்துவர்கள் பத்திரப்படுத்தி அரிதாகவே பயன்படுத்துவார்கள். அரிதாக விற்பதை உருவாக்க யாரும் முதலீடு செய்யமாட்டார்கள். இருப்பதைக் கொண்டே நெடுங்காலம் ஓட்ட வேண்டியிருக்கும்.

சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க அதே கடைக்குப் போயிருந்தேன். கட்டட வேலை செய்யும் இளைஞர் ஒருவர், சிமென்ட் படிந்த கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார். கடைக்காரர் அட்டையை எடுத்தார். நான் குறுக்கிட்டு, "தம்பி, ஐந்து கிலோமீட்டரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வெளிநோயாளிப் பிரிவில் செலவு குறைவுதான்" என்றேன். எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று அவர் மரியாதையோடு கேட்டார். ஒன்பது மணிக்கு என்றேன். "நாளைக்கு கான்கிரீட் போடுறோம் சார், ஏழு மணிக்கே போகணும்" என்று சொல்லிவிட்டு, ஆறு மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.